வளையம் போட்டும் காது கேட்கவில்லையா? தரைக்குள் இருக்கும் கம்பியைப் பாருங்கள்

களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் வரும் சாலையில் பழைய ஓட்டுக் கூரைக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன. தேவாலயம், பள்ளிக்கூடம், ஊர் மண்டபம் எதுவானாலும் இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் எழுப்புவதுதான் இப்போது வழக்கம். இப்படிப்பட்ட புதிய கட்டடத்தில், காது மெஷின் வைத்திருப்பவர்களுக்காக ‘லூப்’ எனப்படும் செவி வளையத்தைப் பொருத்தும்போது ஒரு குழப்பம் வருகிறது. பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) நல்லது, வயர் நல்லது, ஒலிபெருக்கியில் குரல் கணீரென்று கேட்கிறது. ஆனால் மெஷினை, வளையத்திலிருந்து வருவதைப் பிடிக்கும் ‘டி’ நிலையில் வைத்துக்கொண்டு நடுவரிசையில் இருப்பவருக்கு மட்டும் பேச்சு பஞ்சுமூட்டைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கிக் கேட்கிறது. அதே பெருக்கியை ஓட்டுக் கூரைக் கட்டடம் ஒன்றில் மாட்டினால் ஒழுங்காக வேலை செய்கிறது.

இதில் வருத்தமான விஷயம், குறை இருப்பது மற்றவர்களுக்குத் தெரிவதே இல்லை. ஒலி அமைப்பைக் கவனிப்பவருக்கு எல்லாம் சரியாகக் கேட்கிறது. கேட்காதவரோ தன் காதுதான் இன்னும் மோசமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார். கட்டடத்தின் குறையை மனிதர் தன் தலையில் சுமக்கிறார். அதனால் இதன் காரணத்தை அடியிலிருந்து பார்த்துவிடுவது நல்லது.

செவி வளையம் வேலை செய்யும் விதம்

மண்டபத்தின் ஓரமாகச் சுற்றி ஒரு வயர் ஓடுகிறது. மைக்கில் வரும் பேச்சை ஒரு பெருக்கி மின்னோட்டமாக மாற்றி அந்த வயருக்குள் செலுத்துகிறது. மின்னோட்டம் ஓடும் வயரைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். பேச்சு ஏறி இறங்குவதற்கு ஏற்ப அந்தப் புலமும் ஏறி இறங்கும்.

காது மெஷினுக்குள் டெலிகாயில் என்று ஒரு சின்னச் சுருள் உண்டு. மெல்லிய காந்த உலோகத் தண்டில் முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். மெஷினை ‘டி’ நிலைக்கு மாற்றினால் அந்தச் சுருள் காந்தப்புலத்தைப் பிடித்து மறுபடி ஒலியாக்கித் தருகிறது. அறுவை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தவர்களின் வெளிக்கருவிகள் பலவற்றிலும் இது இருக்கிறது.

பேச்சு காற்று வழியாக வராமல் நேராகக் காதுக்கு வருவதுதான் இதன் பலன். டைல்ஸ் போட்ட பெரிய மண்டபத்தில் எதிரொலி, மின்விசிறிச் சத்தம், குழந்தைகளின் அழுகை எல்லாவற்றையும் காது மெஷினின் மைக் சேர்த்தே பெருக்கும். செவி வளையத்தில் பேசுபவரின் மைக்கில் விழுந்தது மட்டும் வரும். இந்த யோசனைக்கு ஜோசப் பொலியாகாஃப் என்பவர் 1937-லேயே பிரிட்டனில் காப்புரிமை வாங்கிவிட்டார்.

எவ்வளவு புலம் வேண்டும்

இதற்கு ஐஇசி 60118-4 என்ற உலகத் தரம் இருக்கிறது. அதில் நமக்கு வேண்டியவை நான்கு.

1. பேச்சின் உச்சங்களில் புலத்தின் வலிமை மீட்டருக்கு 400 மில்லி ஆம்பியர் வர வேண்டும்.

2. மக்கள் அமரும் இடம் முழுவதும் இந்த அளவு 3 டெசிபெலுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. 3 டெசிபெல் குறைந்தால் புலம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிட்டது என்று பொருள். 6 டெசிபெல் குறைந்தால் பாதி. 12 டெசிபெல் குறைந்தால் கால் பங்குதான் மிச்சம்.

3. 100 ஹெர்ட்ஸ் முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை எல்லா அதிர்வெண்ணும் அதே 3 டெசிபெல் வரம்புக்குள் ஒரே சீராக வர வேண்டும்.

4. நாற்காலியில் இருப்பவரின் காது தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்து அளக்க வேண்டும். நிற்பவருக்கு 1.7 மீட்டர்.

உலோகமே இல்லாத இடத்தில் இதை எட்டுவது சிரமமே இல்லை. 10 மீட்டர் சதுர வளையத்தின் நடுவில், வயர் இருக்கும் அதே மட்டத்தில் மீட்டருக்கு 400 மில்லி ஆம்பியர் புலம் வர, சுமார் நாலரை ஆம்பியர் மின்னோட்டம் போதும். காது உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். உலோகம் வந்து சேரும்போதுதான் இந்தக் கணக்கு குலைகிறது.

இரும்பு இருக்கிறதா என்பதல்ல கேள்வி

காந்தம் என்றவுடன் ‘இரும்பு காந்தத்தை இழுத்துக்கொள்ளும்போல’ என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். செவி வளையத்தைப் பொறுத்தவரை அது சின்ன விஷயம். பெரிய விஷயம் மின்னோட்டம் சுற்றி வர மூடிய பாதை ஒன்று கிடைக்கிறதா என்பதுதான்.

1831-இல் ஃபாரடே என்ற விஞ்ஞானி கண்டது இது: காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால் அருகிலுள்ள மூடிய உலோக வளையத்தில் மின்னோட்டம் தானாக ஓடும். மூன்று வருடம் கழித்து லென்ஸ் என்ற விஞ்ஞானி இன்னொன்றைச் சொன்னார்: அப்படி ஓடும் மின்னோட்டம், தன்னைத் தூண்டிய மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே ஓடும். நாம் மேல்நோக்கி ஒரு புலத்தை எழுப்பினால் தரைக்குள் இருக்கும் வளையம் கீழ்நோக்கி ஒன்றை எழுப்பும். இரண்டும் கழிந்து மிஞ்சியதுதான் காதுக்கு வரும்.

காங்கிரீட் தளத்தில் கம்பி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். 8 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் கம்பிகளை நீளவாக்கிலும் குறுக்கிலும் சுமார் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, சந்திக்கும் இடங்களில் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டுவார்கள். கட்டடத்துக்கு அது பலம். செவி வளையத்தின் கண்ணுக்கோ அது ஆயிரக்கணக்கான சின்ன வளையங்கள் கோத்த ஒரு வலை. சின்னச் சதுரங்கள் சேர்ந்து பெரிய சதுரமாகவும், தளம் முழுவதும் சேர்ந்து ஒரே வளையமாகவும் நடந்துகொள்ளும்.

‘இரும்பா, மூடிய பாதையா’ என்ற வேறுபாட்டை நம் ஊர்ப் பொருள்களை வைத்தே பார்க்கலாம். கன்னியாகுமரி, திருவனந்தபுரம் பக்கத்துப் பழைய சுவர்களில் இருக்கும் வெட்டுக்கல் சிவப்பாக இருப்பதற்குக் காரணமே அதிலுள்ள இரும்பு ஆக்சைடு. ‘கல்லிலேயே இரும்பு இருக்கிறதே, அது கெடுக்காதா?’ என்று கேட்கலாம். கெடுக்காது. அது கல்லுக்குள் துகளாகக் கிடக்கிறது, மின்சாரம் ஓட அதில் பாதை இல்லை. மறுபக்கம் அலுமினியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தம் அதில் ஒட்டவே ஒட்டாது. ஆனாலும் ஃபால்ஸ் சீலிங்குக்கு அடிக்கும் அலுமினியச் சட்டங்கள் ஒன்றோடொன்று தொட்டுக் கட்டம் கட்டமாக நின்றால், அருகில் ஓடும் செவி வளையத்தை அவை நன்றாகவே கெடுக்கும். கையில் காந்தத்தை வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சோதிப்பது பலன் தராது என்று சொல்வது இதனால்தான்.

முதலில் போவது மெய்யொலிகள்

உலோகம் எல்லா ஒலியையும் சமமாகக் குறைத்தால் பிரச்சினை பாதிதான், ஒலியைக் கூட்டி வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் அது அப்படிச் செய்வதில்லை. புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு அதிகமாக எதிர் மின்னோட்டம் தூண்டப்படும். 200 ஹெர்ட்ஸ் ஒலி நொடிக்கு 200 முறை மாறுகிறது, 4000 ஹெர்ட்ஸ் ஒலி 4000 முறை. ஆக, தாழ்ந்த ஒலிகள் ஓரளவு தப்பிவிடும், உயர்ந்த ஒலிகள் அடிவாங்கும்.

பேச்சில் உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் நுணுக்கம் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ‘ச’, ‘ஸ’ போன்றவற்றின் சீறல் 4000 ஹெர்ட்ஸையும் தாண்டும். பட்டு, தட்டு, கட்டு, சட்டு இந்த நான்கு சொல்லையும் உதடு தெரியாமல் கேட்டால் முதல் எழுத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். உயர் ஒலி போய்விட்டால் நான்கும் ‘-ட்டு’ என்றே விழும். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இந்தப் பக்கத்தில், ஒரே மேடையில் இரண்டு மொழியும் வரும்போது, எந்த மொழி என்று பிடிப்பதற்கே தடுமாற்றம் ஆகிவிடும்.

வயதானவர்களின் காது பொதுவாக முதலில் இழப்பதும் இதே உயர் ஒலிகளைத்தான். காது விட்டதையே கட்டடமும் விட்டுவிடுகிறது. ‘சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு தெரியல’ என்று பெரியவர்கள் சொல்வதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது துல்லியமான தொழில்நுட்பப் புகார்.

நடுவில் இருப்பவருக்கு ஏன் அதிகப் பாதிப்பு

சுவரோரம் இருப்பவருக்கு வயர் பக்கத்திலேயே இருக்கிறது. உலோகம் கொஞ்சம் தின்றாலும் அவருக்கு மிச்சம் இருக்கும். நடுவில் இருப்பவருக்கு வயர் எல்லாப் பக்கமும் தூரத்தில், கம்பி வலையோ காலடியில். அதனால் இழப்பு அங்கேதான் உச்சத்தில் இருக்கும்.

பெருக்கியின் அளவைக் கூட்டினால் போதாதா என்ற கேள்விக்குப் பதிலும் இதில் இருக்கிறது. நடுவில் 12 டெசிபெல் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மீட்க மின்னோட்டத்தை நான்கு மடங்காக்க வேண்டும். மின்னோட்டம் நான்கு மடங்கானால் மின்திறன் பதினாறு மடங்கு. அவ்வளவையும் செய்தால் நடுவரிசைக்குப் பேச்சு வந்துவிடும், ஆனால் சுவரோரம் இருப்பவருக்குக் காது கிழியும். சீரில்லாத புலத்தைத் திறனைக் கூட்டிச் சீராக்க முடியாது.

நம் பக்கத்துக் கட்டடங்களில் எது எப்படி

1. மரமும் ஓடும். தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு இந்த வகை தெரியும்: மர உத்தரம், மரத் தூண், ஓட்டுக் கூரை. இதே முறையில் சிறிய அளவில் கட்டிய பழைய மண்டபங்கள், தேவாலயங்கள் செவி வளையத்துக்கு மிக உகந்தவை. ஆணியும் கொண்டியும் தனித்தனியாகக் கிடப்பதால் அவற்றால் கெடுதல் இல்லை.

2. தரைத்தள மண்டபம், மேலே காங்கிரீட் கூரை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் காங்கிரீட் கட்டடம்தான், ஆனால் தரைத்தளத்துக்கும் மாடிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மண்ணின்மேல் போடும் தரை பெரும்பாலும் கம்பி இல்லாத ஜல்லிக் காங்கிரீட். அதன்மேல் டைல்ஸ். கம்பி எல்லாம் நாலைந்து மீட்டர் உயரத்தில், கூரையில். வளையத்தைத் தரையில் போட்டால் அதிகம் பாதிக்காது. ஒரே எச்சரிக்கை, சுவருக்கு அடியில் ஓடும் பிளிந்த் பீம். அதன் கம்பிகள் கட்டடத்தைச் சுற்றி ஒரு மூடிய வளையமாகவே நிற்கின்றன. வயரைச் சுவரை ஒட்டிப் பதித்தால் அந்த வளையத்துக்குத் தோளோடு தோள் நிற்கும். கொஞ்சம் உள்ளே தள்ளிப் பதித்தால் நல்லது.

3. மாடியில் உள்ள மண்டபம். கீழே கடை அல்லது சாப்பாட்டுக் கூடம், மேலே மண்டபம் என்று கட்டுவது இப்போது சாதாரணம். இங்கே தரையே கம்பி கட்டிய தளம், அதன் மேற்பரப்புக்குச் சில சென்டிமீட்டர் கீழேயே கம்பி. வயரும் காதும் அதற்கு மிக அருகில். மேலே இன்னொரு கம்பித் தளம். சுற்றி ஒரே ஒரு வயரை ஓட்டிவிட்டு இங்கே நல்ல பலனை எதிர்பார்க்க முடியாது.

4. இரும்பு ட்ரஸ், தகர ஷீட். உயரமாக இருந்தால், தரையில் போட்ட வளையத்துக்கு இது அதிகம் தொந்தரவு தராது. வயரைக் கூரையோரமாக ஓட்டுவதுதான் தவறு.

5. காங்கிரீட்டுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்து வார்க்கும் டெக் ஷீட் தளம். எல்லாவற்றிலும் மோசம் இதுதான். வலைக்குப் பதில் முழுத் தகடே கிடக்கிறது.

தரையில் உட்காருபவரின் காது

உலகத் தரத்தின் 1.2 மீட்டர் கணக்கு நாற்காலியை மனத்தில் வைத்தது. குமரி மாவட்டத்தில் பாய் விரித்துத் தரையில் உட்காரும் தேவாலயங்கள் இன்னும் இருக்கின்றன. பஜனை மடம், ஊர்க்கூட்டம் எங்கும் இதே பழக்கம்தான். தரையில் சம்மணமிட்டிருக்கும் பெரியவரின் காது முக்கால் மீட்டர் உயரத்தில்தான் இருக்கும்.

இதனால் இரண்டு மாற்றம் வருகிறது. காது கம்பித் தளத்துக்கு நெருங்கிவிடுகிறது, ஆகவே எதிர்ப்புலம் கூடுகிறது. தரையில் பதித்த வயருக்கும் நெருங்கிவிடுகிறது, ஆகவே வயருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் தள்ளி இருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகிறது. வெளியூர் வடிவமைப்பை அப்படியே கொண்டுவந்து போட்டால் இது தவறிப்போகும். அளப்பவரிடம் ‘எங்கள் மக்கள் கீழேதான் உட்காருவார்கள், அந்த உயரத்திலும் அளந்து காட்டுங்கள்’ என்று கேட்க வேண்டும்.

கம்பியின் தலையில் போடக் கூடாத பழிகள்

உயர் ஒலி மங்குவதற்கு உலோகம் மட்டும் காரணமல்ல. சாதாரண ஒலிபெருக்கிப் பெருக்கியில் வயரை மாட்டிவிடுவதும் அதே விளைவைத் தரும். 10 மீட்டர் சதுரமாக ஓடும் ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் மின்தடை அரை ஓம்கூட இருக்காது. ஆனால் சுற்றாக இருப்பதால் அதற்குத் தூண்டல் குணம் உண்டு. 5000 ஹெர்ட்ஸில் அது 2 ஓமுக்கு மேல் தடுக்கும். சாதாரணப் பெருக்கி மின்னழுத்தத்தைத்தான் நிலையாக வைக்கிறது, மின்னோட்டத்தை அல்ல. அதனால் உயர் ஒலிகளில் ஓட்டம் சுருங்கிவிடும். செவி வளையத்துக்கென்றே வரும் பெருக்கி மின்னோட்டத்தை நிலையாக வைக்கும். முதலில் இதைச் சரிபார்த்துவிட்டுத்தான் கம்பியைக் குறை சொல்ல வேண்டும்.

அப்புறம் ‘ஙொய்’ என்ற இரைச்சல். அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திலிருந்தும் அதன் மடங்குகளிலிருந்தும் வருவது. ஃபேஸ் ஒரு வழியிலும் நியூட்ரல் வேறு வழியிலும் போகும் வயரிங், மின்னணு ஃபேன் ரெகுலேட்டர்கள், அருகில் ஓடும் மின்ரயில் பாதை எல்லாம் காரணமாகலாம். கட்டடக் கம்பிக்குள் நியூட்ரல் மின்னோட்டம் கசிந்து ஓடினால் கம்பியும் இதில் கூட்டு. வளையம் போடும் முன்பே, எல்லா விளக்கும் விசிறியும் ஓடும்போது இந்த இரைச்சலை அளந்துவிட வேண்டும்.

இன்னொன்று, சிலருடைய மெஷினில் டெலிகாயிலே இருக்காது. காதுக்குள் முழுதும் புதைந்துவிடும் சின்ன மெஷின்களில் பலவும் அப்படித்தான். சிலதில் இருந்தாலும் ‘டி’ நிலையைத் திறந்து கொடுத்திருக்க மாட்டார்கள். எல்லை தாண்டித் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள தேசியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்துக்கோ, உள்ளூரில் மெஷின் வாங்கிய இடத்துக்கோ போகும்போது இதைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

தீர்வுகள்

எதைச் செய்யும் முன்பும் சோதனை வளையம் ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும். தற்காலிகமாக ஒரு வயரைத் தரையில் டேப் ஒட்டி ஓட்டி, 100, 1000, 5000 ஹெர்ட்ஸ் ஒலிகளைச் செலுத்தி, ஓரத்திலும் நடுவிலும் புலத்தை அளக்க வேண்டும். தரைக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கட்டட வரைபடத்தைவிட இது உண்மையாகச் சொல்லும். இந்தச் சோதனை இல்லாமல் விலைப்பட்டியல் நீட்டுபவரை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து.

1. இழப்பு குறைவாக இருந்தால்: செவி வளையப் பெருக்கிகளில் உலோக இழப்பைச் சரிக்கட்டும் வசதி உண்டு. உயர் ஒலிகளைப் படிப்படியாகக் கூட்டித் தரும். உயர் ஒலிகள் மட்டும் மங்குவதை இது சரிசெய்யும், நடுவிலும் ஓரத்திலும் உள்ள ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யாது.

2. நடுத்தரமாக இருந்தால்: வயரை ‘8’ வடிவில் ஓட்டலாம். ஒரு பெரிய வளையம் இரண்டு சின்ன வளையமாகிவிடும், யாரும் வயரிலிருந்து அதிகத் தூரத்தில் இருக்க மாட்டார்கள். ஆனால் நடுக்கோட்டில் புலம் அறுந்துபோகும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், இடையில் நடைபாதை என்று இருக்கும் நம் தேவாலயங்களுக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தும். புலம் அறும் இடம் நடைபாதையில் விழும், அங்கே யாரும் உட்காருவதில்லை.

3. கடுமையாக இருந்தால்: மண்டபத்தின் நெடுக்கே குறுகலான பல வளையங்களை அடுக்க வேண்டும். வயர்களுக்கு நேர்மேலே புலம் அறும் என்பதால், இடம் மாற்றி இன்னொரு அடுக்கும் போடுவார்கள். இரண்டு அடுக்குக்கும் மின்னோட்டத்தைக் கால் சுற்று முன்பின்னாக, 90 பாகை வித்தியாசத்தில் கொடுத்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்பும். இதற்கு இரண்டு பெருக்கியும் அதிக வயரும் வேண்டும், செலவு ஏறும். மாடி மண்டபங்களுக்கும் டெக் ஷீட் தளங்களுக்கும் பெரும்பாலும் இதைத் தவிர வழியில்லை. புலம் வெளியே கசிவதையும் இந்த முறை நன்றாகக் குறைக்கும். பக்கத்து அறை பாவசங்கீர்த்தனத்துக்கோ தனிப் பேச்சுக்கோ உரியதானால் அது முக்கியம்.

எந்த முறையானாலும் வயரை இரும்புக் குழாய்க்குள் விடக் கூடாது, பி.வி.சி. குழாய்தான். பெருக்கியிலிருந்து வளையம் தொடங்கும் இடம் வரை இரண்டு வயரையும் முறுக்கிக் கொண்டுபோக வேண்டும்.

கட்டும்போதே செய்ய வேண்டியது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிகளிலும் செவி வளையம் பேசப்படுகிறது. சாய்தளமும் கைப்பிடியும் வரைபடத்திலேயே வந்துவிடுகின்றன. செவி வளையம்தான் பெயின்ட் அடித்து முடித்த பிறகு நினைவுக்கு வருகிறது. அப்போது டைல்ஸை உடைக்க யாருக்கும் மனசு வராது.

புதிதாகக் கட்டத் திட்டமிடும் குழுவினர் பொறியாளரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. மண்டபத்தைத் தரைத்தளத்தில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக் கூடத்தை மாடிக்குக் கொண்டுபோக முடியுமா? தரைக்குக் கம்பி உண்மையிலேயே தேவையா? தேவையென்றால் அதற்கும் டைல்ஸுக்கும் இடையில் எவ்வளவு கனம் கிடைக்கும்? அந்தக் கனத்துக்குள், பிளிந்த் பீமிலிருந்து தள்ளி, 8 வடிவத்துக்கோ பல வளையங்களுக்கோ ஏற்றபடி பி.வி.சி. குழாய்களைப் பதித்து வைக்கலாமா? வயரும் பெருக்கியும் பணம் சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். குழாய் மட்டும் டைல்ஸ்காரர் வருவதற்கு முந்தின நாளே தரையில் இருக்க வேண்டும்.